உண்ட சோறு உழைப்பாவது எப்படி?



பொழுது புலருமுன் எழுந்து, ஒரு குவளை வரக்கோப்பியைக் குடித்துவிட்டு, பெரட்டில் பெயர் கொடுத்து, வெயில் ஏறுமுன் நானூறு ஐந்நூறு மரங்களை வெட்டி முடிப்பது பால்மரத் தோட்டத்து வழக்கம். செம்பனைத் தோட்டத்திலோ இருபது கிலோ எடையுள்ள குலையைத் தள்ளி விழுத்தி, சுமந்து, வண்டியில் ஏற்ற வேண்டும். குளுவாங்கிலும் சிகாமட்டிலும் லாபிஸிலும் கோத்தா திங்கியிலும் இந்த உழைப்பைச் செய்தும் பார்த்தும் வளர்ந்தவர்கள் நாம். இவ்வளவு வேலைக்கும் சக்தி எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், "சோற்றிலிருந்துதான்" என்று சிறுபிள்ளையும் சொல்லிவிடும்.

பதில் சரிதான். ஆனால் அதற்குள் இன்னொரு கேள்வி இருக்கிறது. தட்டிலே கிடக்கும் சோறு தானாக ஒரு துரும்பையும் தூக்குவதில்லை. அந்தச் சோறு நம் கையின் வலுவாகவும், காலின் நடையாகவும், நெஞ்சின் துடிப்பாகவும் மாறுவது எப்படி? அதைத்தான் இன்று நாம் சற்று விரிவாகப் பார்க்கப் போகிறோம். இது பள்ளிப் பாடத்துக்கு மட்டும் உரிய செய்தி அன்று. நூறாண்டுகளுக்கு முன் இந்த மலாயா மண்ணிலே ஆயிரக்கணக்கானோரின் சாவும் வாழ்வும் இதைப் பொறுத்தே இருந்தன. நம் முன்னோர் பலர் பிழைத்ததற்கான காரணமும் இதற்குள்தான் அடங்கியிருக்கிறது.

முதலில் அடுப்பைப் பார்ப்போம். விறகு எரிய இரண்டு பொருள் வேண்டும். ஒன்று விறகு; மற்றொன்று காற்றில் உள்ள பிராணவாயு. எரியும்போது வெப்பம் வெளிப்படுகிறது. கரியமில வாயுவும் நீராவியும் புகைக்கூண்டு வழியே போகின்றன. நம் உடலிலும் நடப்பது ஏறக்குறைய இதுதான். சோறு விறகு, மூச்சுக் காற்று பிராணவாயுவைத் தருகிறது, வெளிவிடும் மூச்சில் கரியமில வாயுவும் நீராவியும் போகின்றன. வேறுபாடு ஒன்று உண்டு. அடுப்பில் தீ ஒரே மூச்சில் எரிந்து, வெப்பம் முழுவதையும் வாரி இறைத்துவிடும். உடலிலோ தீயும் இல்லை, சுவாலையும் இல்லை. முப்பத்தேழு பாகை வெப்பத்திலேயே, படிப்படியாக, சிறிது சிறிதாக அந்த எரிப்பு நடைபெறுகிறது. இதற்குத்தான் உயிரணுச் சுவாசம் என்று பெயர். மூக்கால் மூச்சு விடுவது இதன் வெளிவாசல் மட்டுமே. உண்மையான சுவாசம் உடலின் ஒவ்வோர் உயிரணுவுக்குள்ளும் நடக்கிறது.

நம் உடல் முப்பது லட்சம் கோடிக்கும் மேற்பட்ட உயிரணுக்களால் ஆனது. கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய இந்த உயிரணுக்களுள் பலவற்றில், அதனினும் சிறிய உறுப்புகள் பல உள்ளன. அவற்றை மைட்டோகாண்ட்ரியா என்பார்கள். இவைதாம் உயிரணுவின் அடுப்பங்கரை. ஓயாமல் துடிக்கும் இதயத்தின் தசை அணு ஒன்றில் ஆயிரக்கணக்கில் இவை இருக்கும்.

சோறு வயிற்றிலும் குடலிலும் செரித்து, குளுக்கோஸ் என்னும் எளிய சர்க்கரையாகி, இரத்தத்தில் கலந்து உயிரணுவை அடைகிறது. ஒரு குளுக்கோஸ் மூலக்கூறில் ஆறு கரி அணுக்கள் உண்டு. முதற்படியில் அது இரண்டாக உடைகிறது. மூன்று கரி அணுக்கள் கொண்ட இந்தத் துண்டுக்குப் பைருவிக் அமிலம் என்று பெயர். இதற்குப் பிராணவாயு தேவையில்லை. மைட்டோகாண்ட்ரியாவுக்கு வெளியிலேயே நடந்துவிடும். கிடைக்கும் சக்தியும் சொற்பம்.

இரண்டாம் படி மைட்டோகாண்ட்ரியாவின் வாசலில் நடக்கிறது. அங்கே மூன்று கரித் துண்டிலிருந்து ஒரு கரி கழன்று, கரியமில வாயுவாகப் போய்விடுகிறது. எஞ்சுவது இரண்டு கரித் துண்டு. இந்த வாசற்படியை நேயர்கள் நன்றாக நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் நாம் சொல்லப்போகும் வரலாறு இந்த வாசலில்தான் நிற்கிறது.

மூன்றாம் படியில், அந்த இரண்டு கரித் துண்டு ஒரு சக்கரத்தில் ஏறிச் சுற்றுகிறது. 1937ஆம் ஆண்டில் இதனைக் கண்டு சொன்னவர் ஹான்ஸ் கிரெப்ஸ் என்னும் அறிஞர். சக்கரம் சுற்றச் சுற்ற எஞ்சிய கரியும் கரியமில வாயுவாகிவிடும். நாம் வெளிவிடும் மூச்சில் போகும் கரி முழுவதும் நாம் உண்ட உணவின் கரியே. கடைசிப் படியில், உணவிலிருந்து பிரித்தெடுத்த ஹைட்ரஜன், கைமாறிக் கைமாறிப் பிராணவாயுவை அடைந்து நீராகிறது. கித்தாத் தொழிற்சாலையில் பால் வாளியை ஒருவர் கையிலிருந்து ஒருவர் வாங்கி இறக்குவதைப்போல, ஒவ்வொரு கைமாற்றிலும் சிறிது சக்தி பிரிகிறது. நீர்ச்சக்கரத்தை ஓடும் தண்ணீர் சுழற்றுவதுபோல, அந்தச் சக்தி உண்மையாகவே சுழலும் ஒரு நுண்ணிய பொறியை ஓட்டுகிறது.

அந்தப் பொறி செய்து தரும் சரக்குத்தான் ஏ.டி.பி. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் பொருள். இதை உயிரணுவின் சில்லறைக் காசு எனலாம். சம்பள நாளில் கையில் பெரிய நோட்டு இருந்தால் மட்டும் போதுமா? மளிகைக் கடையில் உப்பு வாங்கச் சில்லறை வேண்டாமா? குளுக்கோஸ் பெரிய நோட்டு, ஏ.டி.பி. சில்லறை. தசை சுருங்குவதற்கும், நரம்பு செய்தி கடத்துவதற்கும், புதிய தோல் வளர்வதற்கும் உயிரணு கொடுப்பது இந்தச் சில்லறையைத்தான். ஒரு குளுக்கோஸிலிருந்து பிராணவாயு இல்லாமல் கிடைப்பது இரண்டே ஏ.டி.பி.; பிராணவாயுவோடு முற்றாக எரித்தால் ஏறக்குறைய முப்பது. எந்த ஒரு கணத்திலும் நம் உடலில் இருக்கும் ஏ.டி.பி. கால் கிலோவுக்கும் குறைவுதான். ஆனால் அது செலவாகச் செலவாக மீண்டும் மீண்டும் ஆக்கப்படுவதால், ஒரு நாளில் புழங்கும் மொத்த அளவு ஏறத்தாழ நம் உடல் எடைக்குச் சமமாகிவிடும்!

இந்த ஏ.டி.பி.யை 1929ஆம் ஆண்டில் கண்டுபிடித்தவர்களில் ஒருவர் நம் நாட்டவர் என்று முன்னோர் பெருமைப்பட்டிருக்கக் கூடியவர். அவர் பெயர் எல்லாப்பிரகத சுப்பாராவ். அப்போதைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்தில் 1895ஆம் ஆண்டு பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, 1923ஆம் ஆண்டு அமெரிக்காவுக்குச் சென்றவர். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் சைரஸ் ஃபிஸ்க் என்பவரோடு சேர்ந்து, தசையிலிருந்து இப்பொருளைப் பிரித்துக் காட்டினார். அதே ஆண்டில் ஜெர்மனியில் கார்ல் லோமன் என்பவரும் தனியே இதனைக் கண்டறிந்தார்.

பிராணவாயு இல்லாத சுவாசம் என்று சொன்னோமே, அதுவும் நமக்குப் புதிதன்று. இரவில் அரைத்து வைத்த தோசை மாவு விடியுமுன் பொங்கிப் பாத்திரத்தை மீறி வழிவது, அதிலுள்ள நுண்ணுயிர்கள் சர்க்கரையைப் பாதி வழியில் உடைத்து வாயு விடுவதால்தான். அந்நாளில் தோட்டத்துக் கள்ளுக்கடைகளில் கள் நுரைத்ததும் இவ்வாறே. ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் இனிப்பைச் சாராயச் சத்தாக மாற்றியது. பாரத்தைச் சுமந்துகொண்டு மேட்டில் விரைந்து ஏறும்போது, நம் தசைகளும் சற்று நேரம் இந்தக் குறுக்கு வழியில் சக்தி தேடுகின்றன. அதனால்தான் மேட்டின் உச்சியில் நின்று பெருமூச்சு வாங்குகிறோம். குறுக்கு வழி வெகுதூரம் செல்லாது. உழைப்பு நீடிக்க வேண்டுமானால், பைருவிக் அமிலம் மைட்டோகாண்ட்ரியாவின் வாசலைக் கடந்தே ஆக வேண்டும்.

அந்த வாசல் அடைபட்டால் என்ன ஆகும்? இப்பொழுது நாம் வரலாற்றுக்கு வருவோம்.

சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவில் பெரிபெரி என்னும் நோய் கொடிகட்டிப் பறந்தது. முதலில் கால் கனக்கும், மரத்துப் போகும், கெண்டைக்கால் வலிக்கும், பாதத்தைத் தூக்க முடியாமல் இழுத்து இழுத்து நடப்பார்கள். சிலருக்கு உடல் வீங்கும். இதயம் பெருத்து மூச்சுத் திணறும். நேற்றுவரை நடமாடியவர் இன்று திடீரென இறந்துபோவார். பாலூட்டும் தாய்க்கு இந்தக் குறை இருந்தால், அவள் நலமாகத் தோன்றினாலும், இரண்டு மூன்று மாதக் குழந்தை குரல் கம்மி அழுது, ஓரிரு நாளில் கண்ணை மூடிவிடும். ஈயச் சுரங்கங்களிலும் சிறைகளிலும் மருத்துவமனைகளிலும், சிறப்பாகச் சீனத் தொழிலாளர்களிடையே, இது பெருவாரியாக மடிவித்தது. ஒட்டுநோய் என்றார் சிலர். மண்ணின் விஷம் என்றார் சிலர்.

ஆனால் ஒரு வியப்பு. அதே நாட்டில், அதே மழையில், அதே கொசுக்கடியில் உழைத்த தமிழ்த் தொழிலாளர்களை இந்த நோய் பெரும்பாலும் தீண்டவில்லை. நம்மவர்கள் மலேரியாவாலும் வயிற்றுக் கடுப்பாலும் ஏராளமாக மடிந்தார்கள். அதை மறக்க முடியாது. பெரிபெரி மட்டும் அவர்களை விட்டு விலகி நின்றது. நெகிரி செம்பிலான் மாநில மருத்துவராக இருந்த பிராடன் என்பவர் இதனைக் கூர்ந்து கவனித்தார். சீனர் உண்டது வெள்ளையாகத் தீட்டிய பச்சரிசி. தமிழர் உண்டது இந்தியாவிலிருந்து வந்த புழுங்கல் அரிசி. கம்பத்து மலாய்க்காரர் உண்டது வீட்டிலே கையால் குத்திய அரிசி. வேறுபாடு சோற்றில்தான் இருக்கிறது என்று அவர் 1907ஆம் ஆண்டு நூலாகவே எழுதினார். பச்சரிசி பழசானால் அதில் ஏதோ நஞ்சு ஊறுகிறது என்பது அவருடைய கருத்து. சுட்டிக்காட்டிய இடம் சரி. சொன்ன காரணம்தான் தவறு.

இதைச் சோதித்துப் பார்த்தவர் வில்லியம் பிளெச்சர். கோலாலம்பூரில் இருந்த மனநோயாளர் காப்பகத்தில் 1905ஆம் ஆண்டு பெரிபெரி பரவியபோது, அவர் நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குப் பச்சரிசியும் மற்றதற்குப் புழுங்கல் அரிசியும் ஓராண்டு காலம் கொடுத்தார். இடம்தான் காரணமோ என்னும் ஐயம் தீர, பாதியில் இரு பிரிவாரின் இருப்பிடத்தையும் மாற்றினார். பச்சரிசிப் பிரிவில் முப்பதுக்கும் மேற்பட்டோருக்கு நோய் கண்டு, 18 பேர் இறந்தார்கள். புழுங்கல் அரிசி உண்டவர்களில் புதிதாக ஒருவரும் நோயுறவில்லை. வாய்திறந்து மறுப்புச் சொல்ல முடியாத அந்த எளிய மனிதர்களை வைத்து இவ்வாறு சோதிப்பதை இன்றைய மருத்துவ அறம் அனுமதிக்காது. அவர்கள் உயிரின் விலையாகக் கிடைத்த அறிவு இது என்பதை நாம் நினைவிற்கொள்வது கடமை.

பின்னர், கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த பிரேசர், ஸ்டாண்டன் என்னும் இருவர், நெகிரி செம்பிலான் காட்டில் சாலை போட வந்த ஜாவானியத் தொழிலாளர் 300 பேரிடையே 1907ஆம் ஆண்டு முதல் இதே ஆய்வைச் செய்தார்கள். மூன்று மாத அளவில் பச்சரிசிக் கூட்டத்தில் நோய் தலைகாட்டியது. அவர்களுக்குப் புழுங்கல் அரிசி கொடுத்ததும் நோய் நின்றது. மற்றக் கூட்டத்துக்குப் பச்சரிசி கொடுத்ததும் அங்கே நோய் புகுந்தது. அரிசியைத் தீட்டும்போது கழியும் தவிட்டில்தான் நோய் தடுக்கும் பொருள் இருக்கிறது என்று அவர்கள் முடிவுகண்டார்கள். இதற்கு முன்பே ஜாவாவில் எய்க்மன் என்னும் டச்சு மருத்துவர், தீட்டிய அரிசி தின்ற கோழிகள் கால் முடங்கி விழுவதைக் கண்டிருந்தார். அதற்காக அவருக்கு 1929ஆம் ஆண்டு நோபல் பரிசு கிடைத்தது. தவிட்டில் இருந்த அந்தப் பொருளை 1926ஆம் ஆண்டு ஜாவாவில் பிரித்தெடுத்தார்கள். அதுவே பி-1 வைட்டமின். தயமின் என்றும் சொல்வர். 1936ஆம் ஆண்டு அதனைச் செயற்கையாக ஆக்கிக் காட்டிய ராபர்ட் வில்லியம்ஸ் என்னும் அமெரிக்கர் பிறந்த ஊர், சென்னைக்கு வடக்கே உள்ள நெல்லூர்!

சரி, இந்தத் தயமினுக்கும் உயிரணுவின் அடுப்புக்கும் என்ன தொடர்பு? ஆக்ஸ்போர்டில் ருடால்ஃப் பீட்டர்ஸ் என்பவர் 1930ஆம் ஆண்டுகளில், தயமின் குறைந்த புறாக்களை ஆராய்ந்தார். அவற்றின் மூளையில் பைருவிக் அமிலம் தேங்கிக் கிடந்தது. பிராணவாயுவின் பயன்பாடு குறைந்திருந்தது. துளி தயமின் சேர்த்ததும் சுவாசம் மீண்டும் நடந்தது. நாம் முன்பு சொன்ன வாசற்படியின் சாவிதான் தயமின்! சாவி இல்லையேல், சோறு பாதி உடைந்த நிலையில் வாசலுக்கு வெளியே குவிந்து கிடக்கும். வயிறு நிறைந்திருக்கும், உயிரணுவோ பட்டினி கிடக்கும். சக்தி அதிகம் வேண்டிய நரம்பும் இதயமும்தான் முதலில் தளரும். கால் மரத்ததும், நெஞ்சு பெருத்ததும் இதனால்தான். இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. சோறு கூடக் கூடத் தயமினும் கூட வேண்டும். கடுமையாக உழைத்து, வேறு கறியின்றி வெள்ளைச் சோற்றையே வயிறு நிறைய உண்டவர்தான் விரைவில் விழுந்தார்.

அப்படியானால் புழுங்கல் அரிசியில் சாவி தங்கியது எப்படி? நெல்லை உமியோடு ஊறவைத்து ஆவியில் அவிக்கும்போது, தவிட்டிலும் முளையிலும் உள்ள தயமின் தண்ணீரில் கரைந்து அரிசியின் உட்பகுதிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு தவிட்டைத் தீட்டினாலும் அது முழுவதும் போவதில்லை. நம் பாட்டிமார் வேதியியல் படித்து நெல் அவிக்கவில்லை. அரிசி நொறுங்காது, பூச்சி எளிதில் அண்டாது என்று செய்தார்கள். அந்தப் பழக்கம் கப்பலேறி வந்து, கடல் கடந்த பேரப்பிள்ளைகளையும் காத்தது.

பழக்கம் பறிபோனபோது என்ன நடந்தது என்பதற்கும் நம் வரலாற்றிலேயே சான்று உண்டு. ஜப்பானியர் ஆட்சியில், 1942, 1943ஆம் ஆண்டுகளில், மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அங்கே கிடைத்தது அரை வயிற்றுக்குத் தரமற்ற வெள்ளைச் சோறு. வாந்திபேதி, மலேரியா, ஆறாப் புண் ஆகியவற்றோடு பெரிபெரியும் சேர்ந்து அவர்களை வாரிக்கொண்டு போனது. இங்கே தோட்டங்களில் மிஞ்சியவர்கள் மரவள்ளிக்கிழங்கை உண்டு காலம் தள்ளினார்கள். கிழங்கில் மாவு உண்டு. தயமின் மிகக் குறைவு. கசப்புக் கிழங்கில் சயனைடு என்னும் நஞ்சு உண்டாகும் ஆபத்தும் உண்டு. அது உயிரணுச் சுவாசத்தின் கடைசிப் படியை, அதாவது பிராணவாயு சேரும் இடத்தையே, அடைத்துவிடும். ஆகவே கிழங்கைத் தோல் சீவி, நறுக்கி, ஊறவைத்து, நிறைந்த நீரில் நன்றாக வேகவைத்து, அந்த நீரைக் கொட்டிவிடுவதே முறை.

நேயர்களே, இன்று தோட்டம் மாறிவிட்டது. பலர் பட்டணங்களுக்குக் குடிபெயர்ந்துவிட்டார்கள். நம் வீடுகள் பலவற்றில் வெள்ளைப் பச்சரிசி வந்துவிட்டது. இதைக் கேட்டுப் பயப்பட வேண்டியதில்லை. பருப்பு, பயறு, கச்சான், முட்டை, மீன், இறைச்சி என்று பலவும் சேர்த்து உண்பவருக்குத் தயமின் கிடைத்துவிடும். வளர்ந்தவருக்கு ஒரு நாளைக்கு வேண்டியது ஒரு மில்லிகிராமுக்குச் சற்று மேல்தான். ஆனால் உடல் அதை நெடுநாள் சேர்த்து வைப்பதில்லை. இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் கையிருப்பு தாங்காது. ஆகவே சில பழக்கங்களில் நாம் கருத்தாக இருக்க வேண்டும்.

அரிசியைப் பல தண்ணீரில் தேய்த்துத் தேய்த்துக் கழுவ வேண்டாம். ஒன்றிரண்டு முறை அலசினால் போதும். சோற்றை வடித்தால் கஞ்சியைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். சத்து அதில்தான் கரைந்திருக்கிறது. கடலையும் பயறும் விரைவில் வேக வேண்டுமென்று சோடா மாவு போட்டால் தயமின் அழிந்துவிடும். முதல் நாள் இரவே ஊறப்போடுவது நல்லது. வெறும் வரக்கோப்பியோடு வேலைக்குப் போகாமல், காலையில் ஏதேனும் பசியாறிவிட்டுப் போகவேண்டும். முடிந்தவர்கள் வாரத்தில் சில நாளாவது புழுங்கல் அரிசியைச் சமைக்கலாம்.

மற்றொன்றைச் சற்று அழுத்தமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. இன்று இந்தக் குறைபாடு மிகுதியாகக் காணப்படுவது குடிப்பழக்கம் உள்ளவரிடத்தில்தான். சம்சு குடிப்பவர் சரியாகச் சாப்பிடுவதில்லை. சாப்பிட்டாலும் குடலிலிருந்து தயமின் உடலில் சேருவதைச் சாராயம் தடுக்கிறது. நடை தள்ளாடுவது, கண் பார்வை இரட்டையாகத் தெரிவது, மனம் குழம்புவது, நினைவு தவறுவது ஆகியவற்றைக் கண்டு, "போதை இன்னும் இறங்கவில்லை" என்று வீட்டார் விட்டுவிடுகிறார்கள். அது மூளையின் உயிரணுக்கள் சக்தியின்றித் துடிப்பதன் அடையாளமாக இருக்கலாம். உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசென்று ஊசி மூலம் தயமின் கொடுத்தால் மீட்க முடியும். தாமதித்தால் நினைவு மீளாமலே போகலாம். மசக்கையில் நாட்கணக்காக வாந்தியெடுக்கும் பெண்களுக்கும் இந்த ஆபத்து உண்டு. அவர்களையும் "எல்லாம் தானாகச் சரியாகும்" என்று வீட்டில் வைத்திராமல் அரசாங்கக் கிளினிக்குக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

முடிக்குமுன் பிள்ளைகளுக்காக ஒரு செய்தி. உயிரணு வாசலைக் கடந்த அந்த இரண்டு கரித் துண்டை நினைவிருக்கிறதல்லவா? பால்மரமும் செம்பனையும் கூட இரவும் பகலும் சுவாசிக்கின்றன. அவற்றின் உயிரணுக்களும் இதே இரண்டு கரித் துண்டை உண்டாக்குகின்றன. ஆனால் எல்லாவற்றையும் எரித்துவிடுவதில்லை. ஒரு பகுதியை நீண்ட சரமாகக் கோத்துப் பால்மரம் கித்தாப் பாலாக்குகிறது, செம்பனை எண்ணெயாக்குகிறது. மங்கில் சொட்டும் பாலும், குலையில் ஊறும் எண்ணெயும், அவற்றை எடுக்கும் கையின் வலுவும் ஒரே சரக்கின் வெவ்வேறு வடிவங்களே. அடுத்த முறை அறிவியல் ஆசிரியர் சுவாசம் என்ற பாடத்தைத் தொடங்கும்போது, தோட்டத்துப் பிள்ளைகள் இதனை எழுந்து சொல்லலாம்.

உணவும் காற்றும் இருந்தால் மட்டும் போதாது. வாசலைத் திறக்கும் சிறு சாவியும் வேண்டும். அந்தச் சாவி நம் சமையற்கட்டிலேயே இருக்கிறது. அதைத் தவிட்டோடும் கஞ்சியோடும் நாமே வெளியே கொட்டிவிடாமல் பார்த்துக்கொள்வோம்.